கிழங்கில் ஊசித்துளை, மண்ணில் கம்பிபோல் ஒரு புழு: என்ன செய்யலாம்?

பின்வளவுக்காரன் | ஸ்காபரோ, ஒன்ராறியோ | 19-09-2022

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் முதல் பதிவு போடுகிறேன். அதுவும் முறைப்பாட்டோடு.

போன வருடம் ஒக்ரோபரில் பின்வளவில் 4 அடிக்கு 16 அடி புல்தரையை வெட்டிப் புரட்டிப் பாத்தி கட்டினேன். இந்த மே மாதம் யூகோன் கோல்ட் ரக உருளைக்கிழங்கு நட்டேன். செடி நன்றாகத்தான் வந்தது, பூத்தது. இலை பழுத்துக் காய்ந்த பிறகும், தோல் முற்றட்டும் என்று மூன்று கிழமை மண்ணிலேயே விட்டேன். நேற்றுக் கிண்டினால் மூன்றில் ஒரு கிழங்கில் துளை. சாக்கு தைக்கும் ஊசியால் குத்தினது மாதிரி, வட்டமாக, சுத்தமாக. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை போல இருக்கும். மனைவி கறிக்கு வெட்டும்போது கத்தியில் பாதிப் புழு வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி பருப்புத்தான்.

மண்ணைக் கிளறினால் அதே புழு இன்னும் ஏழெட்டு. செம்பழுப்பு நிறம், மினுமினுப்பு, விரலால் அமத்தினால் நசியாது. அப்பா யாழ்ப்பாணத்தில் கோப்பாயில் வருடா வருடம் கிழங்கு போட்டவர். ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை என்கிறார். இது என்ன சாமான்?

மானாவாரி மணி | இராசிபுரம் | 19-09-2022

வேர்ப்புழுவாகத்தான் இருக்கும் அண்ணா. எங்கள் பக்கம் கடலைக்காட்டில் வரும். செடி திட்டுத்திட்டாக வாடும், பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிடும். புழு வெள்ளையாக, கொழுகொழுவென்று, சுருண்டு படுத்திருக்கும்.

பின்வளவுக்காரன் | 19-09-2022

இல்லைத் தம்பி, இது சுருளவே இல்லை. வெள்ளையும் இல்லை. நேராக நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மரவட்டைக் குஞ்சோ என்றும் ஒரு யோசனை.

ஈரமண் | லெஸ்டர், இங்கிலாந்து | 20-09-2022

பெயரைப் பிறகு வைக்கலாம். முதலில் ஒரு கண்ணாடிச் சாடியில் இரண்டு புழுவைப் போட்டு, பேரப்பிள்ளையின் பூதக்கண்ணாடியை வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்.

கால் எத்தனை? மரவட்டைக்கு உடல் முழுக்கக் கால், பெரும்பாலான வளையங்களில் இரண்டு சோடி இருக்கும், தொட்டால் சுருளும். ஈப்புழுக்களுக்குக் காலே கிடையாது. நான் சந்தேகப்படுவதற்குத் தலைக்குப் பின்னால் மட்டும் மூன்று சோடி குட்டைக் கால் இருக்கும்.

வால் எப்படி? கூராக முடிகிறதா, பிளந்து கவட்டை மாதிரி இருக்கிறதா?

துளை உள்ளே எப்படிப் போகிறது? ஒரு கிழங்கைத் துளையோடு சேர்த்து நெடுக்காக வெட்டுங்கள். நத்தை என்றால் வாசல் சிறிது, உள்ளே பெரிய குகை. வேர்ப்புழு என்றால் மேலோடு அகலமாகச் சுரண்டிய பள்ளம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே அகலத்தில், 2-3 மில்லிமீட்டரில், குழாய் மாதிரிப் போனால் வேறு கதை.

பின்வளவுக்காரன் | 20-09-2022

அக்கா, பேரப்பிள்ளை இன்னும் இல்லை, மகளே நாலாம் வகுப்பு. ஆனால் பூதக்கண்ணாடி அவளுடையதுதான்.

நீளம் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. கால் மூன்று சோடி, முன்பக்கம் மட்டும். உடல் குடை இழுக்கும் கம்பி மாதிரி உருண்டை. வால் கூர். ஒரு விசித்திரம்: வால் தொடங்கும் இடத்தில் இரண்டு கறுப்புப் பொட்டு, கண் மாதிரியே. மகள் அதைத்தான் தலை என்று அடித்துச் சொன்னாள். புழு பின்னுக்கு நடக்கிறது என்று ஒரு பெரிய சண்டை. துளை நீங்கள் சொன்ன குழாய்தான், கிழங்கின் நடுவரை போகிறது.

ஈரமண் | 20-09-2022

மகள் ஏமாந்ததில் தப்பே இல்லை, அந்தப் பொட்டுத்தான் அடையாளம். கம்பிப்புழு. பொட்டும் கூர்வாலும் இருப்பதால் அக்ரியோட்டீஸ் என்கிற வகை. அதில் சில இனங்கள் ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்கு வந்து குடியேறியவை, நம்மைப் போல.

இது ஒரு வண்டின் பிள்ளை. அந்த வண்டை மல்லாத்திப் போட்டால் 'டிக்' என்று சொடக்குப் போட்டுத் துள்ளி நிமிரும். சொடக்கு வண்டு என்று சொல்லலாம். ஒரு சென்டிமீட்டர் அளவு, மங்கல் பழுப்பு. வண்டால் பெரிய சேதம் இல்லை. அது மே முதல் ஜூலை வரை புல்லடியில் முட்டையிடும். புல் வேர் தின்று வளரும் பிள்ளைகள் மண்ணுக்குள்ளேயே மூன்று முதல் ஐந்து வருடம் இருக்கும். ஆக நீங்கள் பிடித்த 2 சென்டிமீட்டர்க்காரன் நேற்றுப் பிறந்தவன் அல்ல. நீங்கள் பாத்தி கட்டுவதற்கு முன்பே அவன் அங்கே குடியிருந்தவன். நீங்கள் புல்லை எடுத்தீர்கள், அவன் சாப்பாடு போனது, அந்த இடத்தில் கிழங்கு நட்டீர்கள்.

இரண்டாம் உலகப்போரில் இங்கே இங்கிலாந்தில் உணவுக்காகப் பழைய புல்வெளிகளை உழுதபோது இதே கூத்து நாடு முழுக்க நடந்தது. வயல் வயலாக மண் தோண்டிப் புழுவை எண்ணி, இங்கே கிழங்கு நடலாமா கூடாதா என்று சொல்வதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். இலை காய்ந்த பிறகு மூன்று கிழமை விட்டீர்களே, அங்கேதான் பாதி சேதம். கோடை வெயிலில் மண் காய்ந்தால் இவை கீழே இறங்கிவிடும். செப்டம்பரில் மண் குளிர்ந்து ஈரமானதும் மேலே வந்து தின்னும். அந்த நேரம் மண்ணில் இருந்தது உங்கள் கிழங்கு மட்டும்.

மானாவாரி மணி | 20-09-2022

ஐந்து வருடமா! எங்கள் வேர்ப்புழு பரவாயில்லை போல. ஒரு வருடத்தில் கதை முடியும். கோடைமழை விழுந்த அன்று பொழுது சாய்ந்ததும் வண்டு வெளியே வந்து வேம்பில் அடையும். கிளையை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவோம். ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன். ஒருத்தன் மட்டும் செய்தால் பக்கத்துக்காட்டு வண்டுக்கு வேலி ஏது?

தேன்சிட்டு | மதுரை | 21-09-2022

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோ, சாம்பல், மஞ்சள்தூள் கலந்து மண்ணில் போட்டால் எந்தப் புழுவும் அண்டாது. நம் முன்னோர் இதைத்தான் செய்தார்கள்.

கார்போகம் | கோத்தகிரி | 21-09-2022

எங்கள் முன்னோரும் நல்லவர்கள்தான். தாத்தா கிழங்குக் காட்டில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துத் தூளை வெறுங்கையால் தூவினார். 1997-இல் அது தடையானது. அப்பா காலத்தில் போரேட் என்ற குருணை மருந்து, 2020 கடைசியோடு அதுவும் போனது. அதனால் முன்னோர் என்று பொதுவாகச் சொன்னால் எந்த முன்னோர் என்று கேட்பேன்.

வேப்பம்புண்ணாக்கு நானும் ஏக்கருக்கு நூறு கிலோ போடுகிறேன். மண்ணுக்கு நல்லது. ஆனால் தோல் தடித்த புழுவை அது விரட்டியதாக நான் பார்க்கவில்லை. மலையில் எங்களுக்குத் தொல்லை வெள்ளைப்புழுவும் வெட்டுப்புழுவும்தான். எல்லாவற்றுக்கும் மேலே, வேரைத் தாக்கும் மிக நுண்ணிய நூற்புழு. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்தார்கள், இன்னும் போகவில்லை. முட்டைக்கூடு மண்ணில் பல வருடம் தூங்கும். தாங்கும் ரகம் என்று குப்ரி சுவர்ணா வந்தது, பயிர்சுழற்சி சொன்னார்கள், செய்கிறோம், அதனோடு வாழ்கிறோம்.

பின்வளவுக்காரன் | 21-09-2022

நூற்புழு என்றதும் ஞாபகம் வந்தது. இங்கே ஒரு தோட்டக்கடையில் கேட்டபோது, நூற்புழுப் பொட்டலம் ஒன்றைத் தந்து, தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொன்னார்கள். 35 டொலர். இன்னும் ஊற்றவில்லை, குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கார்போகம் | 21-09-2022

அடப்பாவமே. நூற்புழு என்ற பேரைக் கேட்டாலே எங்கள் ஊரில் வயிறு கலங்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கித் தயிர்ப்பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்!

ஈரமண் | 21-09-2022

சிரித்துவிட்டேன். அது வேறு சாதி, பூச்சிக்குள் புகுந்து கொல்லும் நூற்புழு, செடியைத் தொடாது. புல்தரை வேர்ப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும், அதற்காகத்தான் விற்கிறார்கள். கம்பிப்புழுவின் தோல் தகடு மாதிரி, உள்ளே நுழையக் கஷ்டம். பலன் ஏனோதானோதான். வாங்கியாயிற்று என்றால் ஊற்றுங்கள், ஆனால் அதை நம்பி அடுத்த வருடம் கிழங்கு நடாதீர்கள்.

பின்வளவுக்காரன் | 21-09-2022

ஊற்றவில்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தை இப்போதுதான் வாசித்தேன். கம்பிப்புழு என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. நான் கடையில் "மண்ணில் புழு" என்று மட்டும்தான் சொன்னேன், அவர்கள் கை நீட்டியதை வாங்கினேன். பிழை பாதி என்னுடையது.

வேறு மருந்து ஏதும்? வேலையிடத்தில் ஒரு நண்பர் தன் பழைய ஊரிலிருந்து ஏதோ தூள் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார்.

செந்நிலம் | பிரின்ஸ் எட்வேர்ட் தீவு | 22-09-2022

அண்ணை, அந்தத் தூளை வாங்க வேண்டாம். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலில் இருந்து வீட்டுத்தோட்டத்துக்கும் புல்தரைக்கும் பெரும்பாலான பூச்சிமருந்து தடை. சட்டத்தை விடுங்கள், அது நீங்கள் சாப்பிடும் கிழங்கு.

நான் இங்கே ஒரு கிழங்குப் பண்ணையில் ஒன்பது வருடமாக வேலை. இந்தத் தீவின் மண் செக்கச்செவேல் என்று நம்மூர்ச் செம்மண் மாதிரியே இருக்கும், அதனால்தான் இந்தப் பெயர் வைத்தேன். தீவே கிழங்கில் வாழ்கிறது. கம்பிப்புழுவால் அழுத தோட்டக்காரரை நேரில் பார்த்திருக்கிறேன். கிழங்கு பெட்டிக்குப் பெட்டி வந்தபடியே திரும்பிப் போகும்.

முன்பு லிண்டேன் என்ற பூச்சிமருந்து இருந்தது, கொன்றது. 2004-இல் கனடாவில் அது நின்றது. பிறகு வந்த நியோனிக் வகை, விதையில் பூசும் பூச்சிமருந்துகள் பயிரைக் காப்பாற்றும், ஆனால் புழு மயங்கிக் கிடந்து கொஞ்ச காலத்தில் எழும்பிவிடும். அடுத்த வருடம் அதே புழு, இன்னும் கொழுத்து. இப்போது உண்மையாகவே கொல்லும் புதிய மருந்து பெரிய பண்ணைகளுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது கிடைக்காது, தேவையும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு கடுகுக்கு. சிரிக்க வேண்டாம். சார்லட்டவுனில் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தில் கிறிஸ்டின் நொரோனா என்ற பூச்சியியலாளர், கிழங்குக்கு முந்தின பருவங்களில் பழுப்புக் கடுகு அல்லது பக்வீட் என்ற தானியப் பயிர் போட்டால் சேதம் நன்றாகக் குறைகிறது என்று காட்டினார். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் காரம் இருக்கிறதே, வேரிலிருந்தும் புரட்டின செடியிலிருந்தும் அதே இனச் சரக்குத்தான் மண்ணில் இறங்குகிறது. சூரியவெளிச்ச விளக்கை வைத்து வண்டைப் பிடிக்கும் ஒரு பொறியையும் அவர்தான் செய்தார். விளக்கு, கிண்ணம், அவ்வளவுதான். கடையில் விற்கும் தோட்ட விளக்கில் செய்தது.

தேன்சிட்டு | 22-09-2022

பார்த்தீர்களா, கடுகு! நான் மஞ்சள் சொன்னபோது சிரித்தீர்கள்.

செந்நிலம் | 22-09-2022

தாளித்துக் கொட்டச் சொல்லவில்லை அக்கா. 😄 விதைத்து, பூக்கும் தறுவாயில் வெட்டி, உடனே மண்ணோடு புரட்ட வேண்டும். விதை கட்ட விட்டால் பிறகு உங்கள் பாத்தி முழுக்கக் கடுகுதான்.

பின்வளவுக்காரன் | 22-09-2022

அப்போது 2023-இல் கிழங்கு இல்லை. சரி. ஆனால் எத்தனை புழு இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வருடம் சும்மா இருக்க மனம் கேட்கவில்லை.

ஈரமண் | 23-09-2022

சும்மா இருக்க வேண்டாம், தூண்டில் போடுங்கள். முளைக்கும் விதை மூச்சு விடும், அந்தக் கரியமிலவாயுவை மோப்பம் பிடித்துத்தான் புழு வரும். இரண்டு பிடி முழுக்கோதுமையை ஒருநாள் ஊறவைத்து, ஓட்டை போட்ட தயிர்க்கோப்பையில் மண்ணோடு கலந்து, அரைமுழ ஆழத்தில் புதையுங்கள். மேலே கறுப்புப் பை விரித்தால் மண் சூடாகும். ஒரு கிழமை கழித்துத் தோண்டி எண்ணுங்கள். கரட் துண்டைக் குச்சியில் குத்திப் புதைத்தாலும் வரும், ஆனால் அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், மறந்தால் நீங்களே வளர்த்ததாகிவிடும்.

முக்கியம்: பாத்தி வெறுமையாக இருக்கும்போது போடுங்கள். சுற்றிலும் புல்லும் செடியும் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு உங்கள் கோதுமைக்கு ஏன் வரும்? மண்ணின் சூடு 10 பாகை செல்சியஸ் தாண்டிய பிறகு. இப்போது வேண்டாம், வசந்தத்தில்.

பின்வளவுக்காரன் | 28-05-2023

திரும்பி வந்துவிட்டேன். இறைச்சி வேகுவதைப் பார்க்கும் வெப்பமானியைத்தான் மண்ணில் குத்தினேன், மனைவிக்குத் தெரியாது.

மே 6-இல் ஆறு கோப்பை புதைத்தேன். 13-இல் தோண்டினேன்: 3, 0, 4, 1, 6, 5. மொத்தம் 19. அதிகம் வந்த இரண்டும் வேலியோரம், புல்லுக்குப் பக்கத்தில். திரும்பக் கோதுமை மாற்றி 20-இல் பார்த்தேன், 14. நேற்று 8. கோதுமையை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் தோல். ஒரு கோதுமைக்குள் தலையை விட்டபடி ஒன்று அகப்பட்டது, மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஈரமண் | 28-05-2023

சோளக்காட்டில் பொறிக்கு ஒன்று என்றாலே யோசிப்பார்கள். உங்களுடையது நல்ல மக்கள்தொகை. எண்ணிக்கை இறங்குவதைப் பார்த்து முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பொடிசுகள் கோப்பைக்கு வராது.

மானாவாரி மணி | 28-05-2023

பிடித்ததை என்ன செய்தீர்கள் அண்ணா? கோழி இருந்தால் ஐந்து நிமிட வேலை.

பின்வளவுக்காரன் | 28-05-2023

எங்கள் நகரசபை கோழி வளர்க்க விடாது. வேலியில் ஒரு ரொபின் குருவி காத்திருக்கிறது, மண்வெட்டி எடுத்தாலே வந்துவிடும். தட்டில் வைத்தேன். அடுத்தநாள் தன் சோடியைக் கூட்டி வந்தது.

பின்வளவுக்காரன் | 11-06-2023

கடுகு விதைத்தாயிற்று. அது இல்லை செய்தி. இன்றைக்கு மகள் கல்லுக்கடியில் பழுப்பு வண்டு ஒன்றைக் கண்டுபிடித்து உள்ளங்கையில் மல்லாத்தினாள். ஒரு நிமிடம் செத்ததுபோல் கிடந்தது. பிறகு 'டிக்'. மூக்குவரை எகிறியது. அவள் கத்தின கத்தில் பக்கத்துவீட்டுக்காரர் வந்துவிட்டார். அவரும் நானுமாக அரைமணித்தியாலம் வண்டைத் துள்ளவிட்டு விளையாடினோம், இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

மானாவாரி மணி | 11-06-2023

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த ஞாபகம் வந்துவிட்டது. கொன்றை இலை போட்டு வைப்போம்.

கார்போகம் | 12-06-2023

துள்ளியதைத் திரும்பப் புல்லில் விட்டீர்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பின்வளவுக்காரன் | 12-06-2023

மகள் விட்டுவிட்டாள். பக்கத்துவீட்டுப் புல்லில்.

செந்நிலம் | 12-06-2023

அண்ணை…

பின்வளவுக்காரன் | 08-10-2023

கடுகு இரண்டு தரம் போட்டேன். முதலாவதை ஜூலை கடைசியில் வெட்டிப் புரட்டினேன், இரண்டாவதை இப்போது. புரட்டும்போதெல்லாம் குருவிகளுக்கு விருந்து. ஓரம் முழுக்க ஒரு அடி அகலத்துக்குப் புல்லை எடுத்து மரச்சில்லுப் போட்டேன், முட்டையிட இடம் இருக்கக் கூடாது என்று. நடுவில் கொஞ்சம் வெங்காயம் வைத்தேன், அதைப் புழு சீண்டவில்லை. கரட் ஒரு வரிசை ஆசைக்குப் போட்டேன், பாதி துளை.

தேன்சிட்டு | 09-10-2023

நான் சொன்னதற்கு ஒரு ஒப்புக்கொள்ளல்: எங்கள் மாடித்தொட்டியில் 'புழு' என்று வேப்பம்புண்ணாக்கு போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த இழையைப் படித்து, கால் எண்ணிப் பார்த்தேன். உடல் முழுக்க இருந்தது. மரவட்டை. மக்கிய இலை தின்கிறது, அவ்வளவுதான். பாவம், ஒரு வருடமாக அதோடு சண்டை போட்டிருக்கிறேன்.

பின்வளவுக்காரன் | 17-08-2024

கடைசித் தகவல். மே மாதம் தூண்டில் போட்டபோது ஆறு கோப்பையிலும் சேர்த்து 5. துணிந்து கிழங்கு நட்டேன், சீக்கிரம் முற்றுகிற ரகமாகப் பார்த்து. இலை பழுக்கத் தொடங்கினதும் காத்திருக்காமல் ஆகஸ்ட் 10-இல் கிண்டிவிட்டேன். தோல் மெல்லிசு, கழுவும்போதே உரிகிறது, கனநாள் வைத்திருக்க முடியாது. 83 கிழங்கு. துளை உள்ளது 6. அந்த ஆறையும் துளையை வெட்டி எறிந்துவிட்டுப் பொரியல் செய்தோம்.

செந்நிலம், கடுகுக்கு நன்றி. ஈரமண் அக்கா, வெப்பமானி விஷயம் மனைவிக்குத் தெரிந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கியாயிற்று.

கார்போகம் | 18-08-2024

83-இல் 6 என்றால் எங்கள் மண்டியிலேயே எடுப்பார்கள். நூற்புழுப் பொட்டலம் என்ன ஆனது?

பின்வளவுக்காரன் | 18-08-2024

போன வருடமே குப்பைக்குப் போனது. காலாவதி.

வேலியோரம் இன்னும் பத்தடி புல்லை வெட்டி மிளகாய்க்குப் பாத்தி போடச் சொல்கிறாள் மனைவி. பக்கத்துவீட்டு எல்லை ஓரம். மகள் அன்றைக்கு அந்த வண்டை விட்ட இடத்துக்கு நேரே இந்தப் பக்கம்தான். கோதுமையை இன்றைக்கே ஊறப்போட்டுவிட்டேன்.